பிஸ்கட் பரணியில் ஒரு பயணி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையில் மீனுக்கு வைத்தியம் பார்ப்பவன் நான்தான். எனக்கு மீனைப் பற்றி ஒன்றும் தெரியாது. சாப்பிட்டும் பழக்கமில்லை. பெயர் சீதாராமன், கோரிப்பாளையத்தில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டர். மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன். இருமல் மருந்து கலக்குவது சுலபம். கதைக்கு ஆரம்பம் கலக்குவதுதான் கஷ்டம்.

இப்படித் தொடங்கிப் பார்த்தேன்: ‘1936ஆம் வருஷம் பங்குனி மாதம், கொழும்பிலிருந்து ஒரு பொன்மீன் கடலைத் தாண்டி…’

அடித்துவிட்டேன். நீந்தியே வந்தது என்று நினைத்துவிடுவீர்கள். அது வந்தது மண்ணெண்ணெய் டின்னில்.

2

குடை ரிப்பேர் செய்யும் ஜலீல் பாய் மறுபடி கொழும்புக்கு வேலைக்குப் போவதென்று முடிவு செய்தார். நாளும் குறித்தார். அதற்குப் பிறகுதான் மனைவி ஜெயினம்புவிடம் சொன்னார். அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். வேளாவேளைக்குச் சோறு வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை.

ஜெயினம்புவுக்கு மீன் என்றால் உயிர். கண்ணாடித் தொட்டியில் மூன்று வளர்த்துவந்தாள். அதனால் ஜலீல் சமாதானத்துக்காகக் கொழும்பிலிருந்து திரும்பும் சிநேகிதர் பாதுஷாவிடம் சொல்லி ஒரு பொன்மீன் வரவழைத்தார்.

வந்த மீன் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. துடுப்புகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. ஜெயினம்பு டின்னை முகர்ந்து பார்த்தாள். முகம் சுளித்தாள். தொட்டியில் விடவே இல்லை. முதல் நாள் இறைத்து வைத்திருந்த கிணற்றுத் தண்ணீரை பிஸ்கட் போட்டு வைக்கும் ஒரு கண்ணாடிப் பரணியில் ஊற்றி, அதில் தனியாக விட்டாள். ஜலீல் என்னிடம் ஓடிவந்தார்.

(நான் ஏன் போனேன்? ‘தெரியாது’ என்று சொல்ல ஒரு கம்பவுண்டருக்கு வாய் வராது. கதைக்கு வேண்டாத தகவல், ஆனால் உண்மை.)

3

பரணி நடுவில். இந்தப் பக்கம் நானும் ஜலீலும். அந்தப் பக்கம் கதவுத் திரைக்குப் பின்னால் ஜெயினம்பு.

நாக்கை நீட்டச் சொல்ல முடியாது. நாடி எங்கே என்று தெரியவில்லை. நெடுந்தூரம் போய்வந்த மனிதருக்குச் சொல்வதையே சொன்னேன்: வெளிச்சம் படாமல் துணி போர்த்துங்கள். இரண்டு நாள் ஆகாரம் வேண்டாம். தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்றுங்கள். இரண்டே இரண்டு கல் உப்பு.

“மத்த மூணோட எப்ப விடலாம், சாமி?” என்றது திரை.

“பத்து நாள் போகட்டும்.”*

ஜலீல் பரணியையே பார்த்தார். “போன தடவை கொழும்புக்குப் போற வழியில நானும் மண்டபம் கேம்ப்புல இப்படித்தான் கெடந்தேன், சாமி. காலரா இருக்கான்னு பாக்க அஞ்சு நாள் நிறுத்திட்டாக. சுத்தி அம்புட்டு ஜனம், மனசு விட்டுப் பேச ஒரு ஆள் இல்ல. சோறே எறங்கல.”

திரை சொன்னது: “இதை ஏன் வீட்டுல சொல்லலன்னு அந்த மீனைக் கேளுங்க, சாமி.”

“சொன்னா வீட்டுல அழுவாகன்னு மீன் நெனச்சுருச்சு.”

“அழுகுற ஆளாமா நானு?”

* பத்து என்பது வாயில் வந்த எண். எங்கள் டாக்டருக்கு இந்த இடத்தைப் படித்துக் காட்ட மாட்டேன்.

4

முதல் பிரதியில் ஜெயினம்புவை இங்கே அழ வைத்திருந்தேன். ‘அவள் கண்களிலிருந்து முத்துமுத்தாக…’ பொய். திரைக்குப் பின்னால் சிரிப்பை அடக்கும் சத்தம்தான் கேட்டது. முத்துகளை எடுத்துவிட்டேன்.

தினமும் போய்ப் பார்த்தேன். நான்காம் நாள் மீன் நிமிர்ந்தது. ஐந்தாம் நாள் துடுப்பை விரித்து, ஜெயினம்பு பிடித்துக் கொடுத்த கொசுப்புழுவை லபக்கென்று பிடித்தது. ஜலீல் சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினார்.

“மீனைக் கேளுங்க, சாமி,” என்றது திரை. “கொழும்புக்கு ஒத்தையாத்தான் போகணுமான்னு.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் போவதில் அவளுக்குக் கோபமில்லை. தன்னைக் கேட்காமல் நாள் குறித்ததில்தான் கோபம். ஜலீலுக்கும் விளங்கியிருக்க வேண்டும். அவர் பரணிப் பக்கம் குனிந்தார்.

“கூட வாரதுன்னா அஞ்சு நாள் மண்டபத்துல கெடக்கணும். பரவாயில்லையான்னு கேளுங்க, சாமி.”

திரை விலகியது. ஜெயினம்பு அவரை நேராகப் பார்த்தாள்.

“ஏன், இதை நீங்களே கேக்கக் கூடாதா?”

அவர் கேட்டார். நான் பரணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

5

மீன் செத்து, ஜலீல் மனம் மாறி ஊரிலேயே தங்கிவிடுகிறார்: இது ஒரு முடிவு. மீன் பிழைத்து, அவர் தனியே ரயிலேறுகிறார்: இது இன்னொன்று. இரண்டையும் பத்திரிகைக்காரர்கள் வாங்கிக்கொள்வார்கள். நடந்தது, போன வெள்ளிக்கிழமை இருவரும் சேர்ந்தே ரயிலேறினார்கள். தொட்டியும் பரணியும் என் வீட்டுக்கு வந்தன. “மீன் திங்காத வீடு, பயமில்ல,” என்றாள் ஜெயினம்பு. “ஆனா அந்த மூணும் எம் புள்ளைக மாதிரி, சாமி.”

இன்று பத்தாம் நாள். “பத்துன்னு நீங்கதானே சொன்னேள்? தனியாச் சுத்திண்டிருக்கு, பாவம். விடுங்கோ,” என்கிறாள் என் மனைவி விஜயம்.

ஆனால் காலையில் அதன் வாலில் வெள்ளையாக ஒரு புள்ளி பார்த்தேன். நோயாக இருக்கலாம். என் மூக்குக்கண்ணாடியில் ஒட்டிய தூசியாகவும் இருக்கலாம். விட்டால் மூன்றுக்கும் ஆபத்து. விடாவிட்டால் இதற்கு இன்னும் எத்தனை நாள் தனிமை, வாயில் வரும் எண்ணைத் தவிர என்னிடம் கணக்கில்லை.

கண்ணாடியைத் துடைத்துவிட்டேன். பரணியைத் தூக்கித் தொட்டியின் விளிம்பில் வைத்திருக்கிறேன். மீன் உங்கள் பக்கம்தான் திரும்பியிருக்கிறது. வாலை நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள், பரணியைச் சாய்க்கவா, வேண்டாமா?