நாலு மணிக்கு ஆடும் முள்

ரீடன்பாக் ஊரில் எவால்ட் டிங்கெலை இரண்டு கட்சிக்காரர்களுமே முழுசாக நம்பவில்லை. இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கியவன், ஆகவே பல்கலைக்கழகத்து ஆள் என்றது நகரசபை. பெர்லின் தொழிற்சாலையில் மின்மோட்டார்களோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தவன், ஆகவே பட்டறை ஆள் என்றது பல்கலைக்கழகம். எவால்டுக்கோ இரண்டு பக்கமும் ஆசை. கடைவீதி வழியாக மின்சார ட்ராம் விட வேண்டும், குதிரைகளுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். வெள்ளோட்டம்கூடத் தொடங்கிவிட்டான். கூடவே, பல்கலைக்கழகத்தில் புதிதாக வரப்போகும் மின்பொறியியல் பேராசிரியர் பதவியும் வேண்டும்.

அந்தப் பதவி யாருக்கு என்பது இயற்பியல் பேராசிரியர் கோட்ஹோல்ட் மெங்கெயின் கையில் இருந்தது. மெங்கெயோ ட்ராம் என்றாலே எரிந்து விழுந்தார்.

"நாலு மணி ஆனாப் போதும். உங்க தகர டப்பா கடைவீதியில கிளம்புது, இங்க ஆய்வுக்கூடத்துல என் காந்த முள்ளு பேய் பிடிச்ச மாதிரி ஆடுது! தண்டவாளத்துலேர்ந்து கரண்ட்டு மண்ணுக்குள்ள கசியுது, என்ஜினீயரே. என் ஆராய்ச்சியே பாழ்!"

"அவ்வளவெல்லாம் கசியாதுங்க புரொபசர். நானே வந்து பார்க்கறேன்."

"தாராளமா வாங்க. பார்த்துட்டு, ட்ராம்தான் குத்தவாளின்னு நகரசபையில உங்க வாயாலயே சொல்லுங்க. அப்புறம் பதவியைப் பத்திப் பேசலாம்."

எவால்ட் ஒரு சின்னக் குறும்பு செய்தான். இன்று ஐந்து மணிக்கு முன்னால் வண்டியைக் கொட்டகையிலிருந்து எடுக்கவே கூடாது என்று ஓட்டுநரிடம் சொல்லிவிட்டு, பாதை வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குப் போனான். வாசலில் ஒரு மரத்தொட்டி. சாவி, பேனாக்கத்தி, கடிகாரம் எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழையலாம். இரும்பு பக்கத்தில் வந்தால் பட்டு நூலில் தொங்கும் அந்தக் காந்த முள் கலங்கிவிடும். மெங்கெ வைத்த சட்டம் அது, யாருக்கும் விலக்கில்லை.

தேவாலய மணி நாலு அடித்தது. முள் துள்ளியது.

"பார்த்தீங்களா? பார்த்தீங்களா?" என்று மெங்கெயும் துள்ளினார்.

எவால்டுக்குக் கூத்தாட வேண்டும் போலிருந்தது. ட்ராம்தான் கொட்டகையில் தூங்குகிறதே! அப்படியானால் யார்? திரும்பினான். பேராசிரியரின் மனைவி அடெல்ஹைட், தினமும் வருவதுபோல, காபியும் பிளம்ஸ் கேக்கும் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். சாவிக்கொத்தை ஒழுங்காகத் தொட்டியில் போட்டிருந்தாள். அவள் இடப்பக்கம் நடந்தால் முள் இடப்பக்கம் போயிற்று. வலப்பக்கம் வந்தால் அதுவும் கூடவே வந்தது.

எவால்டின் காது மடல் சிவந்தது. இடுப்புக்கச்சை! அந்த ஊரில் கௌரவமான பெண்கள் எல்லோரும் எஃகுப் பட்டைகள் வைத்த கச்சைக்குள்தான் மூச்சு விட்டார்கள். சொன்னால் பதவி போகும். சொல்லாவிட்டால் ட்ராம் போகும்.

"புரொபசர், இன்னிக்கு ட்ராம் இன்னும் கிளம்பவே இல்லை. முள்ளு ஆடுறது வந்து... அம்மாவோட... உடுப்புல எஃகு இருக்குமே..."

"என்ன திமிரு! என் பொண்டாட்டி உடுப்பைப் பத்தி என் முன்னாடியே..."

"கத்தாத கோட்ஹோல்ட்," என்றாள் அடெல்ஹைட். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சாவியைத் தொட்டியில போட்டுட்டு, இடுப்புல ஒரு இரும்புக் கடையையே சுமந்துட்டு வந்திருக்கேன். உனக்கும் இது தோணலையே!"

விறுவிறுவென்று மாடியிலிருந்த வீட்டுக்குப் போனவள், தொளதொளவென்ற வீட்டு அங்கியில் திரும்பி வந்தாள். முள்ளைச் சுற்றி ஊர்வலம் போனாள். முள் அசையவில்லை. மெங்கெ தலையைக் கையில் தாங்கிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"இத்தனை நாளா ஊரையே திட்டினியே, இப்ப கேக்கைத் தின்னு," என்று அடெல்ஹைட் காபி ஊற்றினாள்.

எவால்ட் அப்போது ஆகாயத்தில் இருந்தான். ஐந்து மணிக்கு வெளியே ட்ராமின் மணியோசை கேட்டபோது பெருமையோடு முள்ளைப் பார்த்தான்.

முள் ஆடியது. முன்புபோலத் துள்ளல் இல்லை. ஆனால் சந்தேகத்துக்கு இடமே இல்லாத ஆட்டம்.

மெங்கெ மூன்றாவது துண்டு கேக்கில் மும்முரமாக இருந்தார். அடெல்ஹைட் சர்க்கரை தேடிக்கொண்டிருந்தாள். பார்த்தது அவன் ஒருவன்தான். இன்னும் கொஞ்ச நேரம் வாயைத் திறக்காமல் இருந்தால் வண்டி போய்விடும், முள் அடங்கிவிடும், நாளைக்கு நகரசபையில் அவன்தான் ராஜா.

"புரொபசர், இப்படித் திரும்புங்க," என்றான். "மறுபடியும் ஆடுது. இப்பப் போறது என் வண்டி."

மெங்கெ முள்ளைப் பார்த்தார். பிறகு, அதைவிட அதிக நேரம் எவால்டைப் பார்த்தார்.

"பேசாம இருந்திருக்கலாமே நீங்க?" என்றாள் அடெல்ஹைட் இரக்கத்தோடு.

"நானும் அதைத்தான் நினைச்சேம்மா. ஆனா கண்ணால பார்த்துத் தொலைச்சுட்டேனே."

மெங்கெ எழுந்து வந்து, அவன் கக்கத்திலிருந்த வரைபடத்தை உருவி மேஜையில் விரித்தார். "பாதையை ஆத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனா?"

"இங்க முள்ளு ஆடாது. ஆனா கடைவீதி ஜனங்க பாலம் தாண்டி நடக்கணும். என்னைத்தான் திட்டுவாங்க."

"திட்டட்டும். பாதையை மாத்துங்க."

எவால்ட் ரப்பரை எடுத்தான். ரொட்டிக்கடை முனை, தேவாலய வாசல், பள்ளிக்கூடத் திருப்பம் என்று ஆசை ஆசையாய் இழுத்த கோடு அது. அழுத்தித் தேய்த்தான்.

"அக்டோபர்ல வகுப்பு தொடங்குது," என்றார் மெங்கெ, வாயில் கேக்கோடு. "மண்ணுக்குள்ள கசியற கரண்ட்டைப் பத்தியே முதல் பாடத்தை வெச்சுக்குங்க. பசங்களுக்கு வேற யார் சொல்லித் தருவா?"

பதவி கிடைத்துவிட்டது என்பது எவால்டுக்கு மெதுவாகத்தான் உறைத்தது. கண்ணில் நீர் முட்ட, தலையை மட்டும் ஆட்டிவிட்டு, கடைவீதியைத் தொடர்ந்து அழித்துக்கொண்டிருந்தான்.