ஒரு பக்க மழை

ஆடி மாதத்திலிருந்து சுப்புத்தாயின் வலது மூக்கில் மட்டும் மழை பெய்தது. இடது மூக்கில் சிவகாசியின் வழக்கமான வெயில்.

அவள் பட்டாசு ஆலையில் திரி வைக்கிறவள். ஈரம் அண்டக் கூடாத வேலை. போர்மேன் அய்யனார் முதலில் அவளுடைய வலப்பக்கம் சுவர் வருமாறு உட்கார வைத்தார். சாரல் சுவரில் பட்டுத் தெறித்து, எதிரில் இருந்தவளின் திரிகளும் நமத்துப் போயின. "மழை விட்டதும் வாங்கக்கா" என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

வீட்டில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தாள். எழுந்தால் வாசல்வரை போய்த் திரும்பினாள். குனிந்தால் கன்னத்துக்குள் தண்ணீர் தளும்பியது. அழுகின சேற்று நாற்றம் ஒன்று அவளுக்கு மட்டும் வந்துகொண்டிருந்தது. கணவன் வீரபெருமாள் பாயை அவளுக்கு இடப்பக்கமாக மாற்றிப் போட்டுக்கொண்டான். மருந்துக்கடையில் சளி மாத்திரை வாங்கித் தின்று பார்த்தாள். மாத்திரைக்கு இடம் வலம் தெரியவில்லை. இடது மூக்கு வறண்டு வெடித்துப் புழுதி பறந்தது. வலது மூக்கில் மழை இன்னும் வலுத்தது.

மதுரையில் மூக்கு பார்க்கும் டாக்டர் நஸ்ரீன் முழுவதையும் கேட்டார்.

"ரெண்டு பக்கமும் பெஞ்சா மழைக்காலம்னு மருந்து குடுத்து அனுப்பிடுவேன். ஒரு பக்கம் மட்டும் பெய்யுதுன்னா காரணம் அங்கேயே இருக்கும். பார்க்காம விடக் கூடாது."

"என்ன காரணம் டாக்டரம்மா?"

"காளான் முளைச்சிருக்கலாம். சதை வளர்ந்திருக்கலாம். பல்லுலேர்ந்து ஏறியிருக்கலாம்." கையுறையை மாட்டிக்கொண்டார். "கெட்ட கட்டியும் சில நேரம் இப்படித்தான் ஆரம்பிக்கும். அது இல்லைன்னு தெரிஞ்சுக்கணும்மா."

விளக்கு வைத்த மெல்லிய குழாயை உள்ளே விட்டு, நனைந்த தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். துளி சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார். ஸ்கேனும் எடுக்கச் சொன்னார்.

முடிவு வாங்க வந்த அன்று சுப்புத்தாய் வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தாள். அவளுக்கு வலப்பக்கமாகப் போனவர்கள் குடை விரித்துக் கடந்தார்கள்.

"செத்த உக்காரு தாயி" என்றான் வீரபெருமாள்.

"உக்காந்தா அந்தக் கட்டி நெனப்பு வந்து பக்கத்துல உக்காருதுங்க. நடந்தா கொஞ்சம் பின்தங்குது."

அவனும் எழுந்து அவளோடு நடந்தான்.

சதையில் கெட்டது எதுவும் இல்லை. அதைக் கேட்டதும் சுப்புத்தாய் உட்கார்ந்தாள். உடனே எழுந்துவிட்டாள். டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். இடது கன்னத்துக்குள் தெளிந்த கருப்பு. வலது கன்னம் முழுக்கச் சாம்பல் மேகம். மேல்வரிசைக் கடைவாய்ப் பல் ஒன்றின் வேர் அந்த மேகத்துக்குள் நீட்டிக்கொண்டிருந்தது.

"இந்தப் பல்லு வலிக்குமா?"

"முன்னே உசிர் போற மாதிரி வலிச்சது. அப்புறம் தானா அடங்கிருச்சு."

டாக்டர் சின்னக் கம்பியால் அந்தப் பல்லைத் தட்டினார். தூரத்தில் இடி இடித்தது.

"அடங்கல. மேலே ஏறிப் போயிருக்கு" என்றார்.

பல்லைப் பிடுங்கினார்கள். மருந்து தின்று முடிக்கையில் தூறல் நின்று, வலது மூக்கிலும் வெயில் அடித்தது. அய்யனார் திங்கட்கிழமை வரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

ஆள் வந்த அன்று மத்தியானம் சுப்புத்தாய் உலை இறக்கிக்கொண்டிருந்தபோது, வீரபெருமாளின் இடது காதிலிருந்து ஒரு பெண் குரல் செங்கோட்டை ரயில் ஒரு மணி நேரம் தாமதம் என்று அறிவித்தது.

"ஒரு காதுல மட்டுந்தானே கேக்குது? அப்போ சாப்பிட்டே மதுரைக்குக் கிளம்பலாம்" என்று சொல்லி, அவள் இரண்டு தட்டுகளை எடுத்து வைத்தாள்.