காற்று வேண்டாதவள்

இடது கண்ணில் மூன்றாவது சொட்டு விழுந்ததும் இசக்கிசெல்வி பல்லைக் கடித்துக்கொண்டு குழாயடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். இளநீர்க் குழம்பு என்ற ஆயுர்வேதக் கண் மருந்து. பெயரில்தான் இளநீர், கண்ணுக்குள் போனால் மிளகாய். எரிந்து, கன்னமெல்லாம் வழிந்து ஓய்ந்தபின் கொஞ்ச நேரம் உலகம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும். போன மாதம் அந்தத் தெளிவு அரை மணி நேரம் நின்றது. இப்போது ஐந்து நிமிடம்கூட இல்லை. அப்புறம் பழையபடி மணல் அள்ளிப் போட்ட உறுத்தல். பார்ப்பதெல்லாம் பாலாடை போர்த்தியதுபோல மங்கல்.

மணி ஒன்றரை. மூன்று மணிக்குக் கள்ளன்.

கொச்சி மட்டாஞ்சேரியின் அந்தச் சுக்கு குடோனில் ஏழு பெண்கள் ஒரே நீள மேஜையில் உட்கார்ந்து சொத்தையும் பூஞ்சையும் பொறுக்குகிறார்கள். மேற்பார்வை பார்க்கும் கமலாக்ஷி சேச்சி எப்போதாவது ஒரு தட்டு நல்ல சுக்கில் துளை விழுந்த பத்துத் துண்டுகளை ஒளித்துக் கலந்து வைப்பாள். அதற்குப் பெயர் கள்ளன் வைப்பது. விட்டுவிட்டவள் எல்லாருக்கும் சாயா வாங்கித் தரவேண்டும். இதுவரை அது விளையாட்டு. இன்று இல்லை. திங்கட்கிழமை பொறுக்கும் மெஷின் வருகிறது. மேஜைக்கு மூன்று பேர் போதும் என்று முதலாளி சொல்லிவிட்டார். அந்த மூன்று பேர் யாரென்று இன்றைய கள்ளன் சொல்லிவிடுவான்.

பதினோரு வருட வேலை. போனால் திருநெல்வேலிக்குத் திரும்பலாம்தான். ஆனால் ஜூனில் மகள் பத்தாம் வகுப்பு. மலையாளத்தில் கட்டுரை எழுதிப் பரிசு வாங்குகிறவளுக்குத் தமிழில் தன் பெயரைத் தாண்டி எழுத வராது. அவளை அங்கே எந்தப் பள்ளியில் கொண்டுபோய் உட்கார வைப்பது?

ஒரு மாதத்துக்கு முன் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள். மகள் வயதுக்குக் கொஞ்சம் மேலே இருந்த டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "கண்ணு உணங்கிப் போயிருக்கு சேச்சி. உணங்கின கண்ணுதான் இப்படி ஒழுகும். முகத்துக்கு நேரா காத்து வேண்டா. அடிக்கடி இமை கொட்டணும். இந்த மருந்து நாலு நேரம்" என்றாள்.

செல்விக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. குடோனுக்கு வந்து கூட வேலை பார்க்கும் பொன்மணியிடம் கொட்டித் தீர்த்தாள். "கொடங்கொடமா தண்ணி கொட்டுது, காஞ்சு போச்சுங்கா!"

"அந்தப் பிள்ளைக்குத்தான் முதல்ல கண்ணைச் சோதிக்கணும் போல" என்றாள் பொன்மணி. மேஜையே சிரித்தது.

டாக்டர் தந்த சீட்டு பருப்பு டப்பாவுக்கு அடியில் போயிற்று. வைத்தியசாலையில் குழம்பு வாங்கிக்கொண்டாள். கண்ணில் ஊறும் நீர் காயட்டும் என்று பெரிய ஸ்டாண்ட் ஃபேனுக்கு நேர் எதிரே இருந்த முதல் இடத்தைப் பொன்மணியோடு மல்லுக்கட்டிப் பிடித்தாள். ஒரே ஊர்க்காரிகள் நான்கு நாள் பேசிக்கொள்ளவில்லை. அன்று முதல் காலையிலிருந்து மாலை வரை காற்று நேராக அவள் முகத்தில்தான்.

இரண்டு மணிக்குக் கரண்ட் போயிற்று.

மே மாத வெயில் தகரக் கூரையில் ஏறி நின்றது. கடற்கழியிலிருந்து ஒரு பொட்டுக் காற்று இல்லை. "ஏட்டி செல்வி, உன் ராசாவும் மூச்சை நிறுத்திட்டானே!" என்று நின்றுபோன ஃபேனைக் காட்டினாள் சீனியம்மாள். குழம்பின் எரிச்சல் அடங்க, செல்வி நனைத்த முந்தானையைக் கண்களில் வைத்து மூடிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் துணியை எடுத்து, பழக்கத்தில் ஒரு துண்டைக் கையில் எடுத்தவள் அதை உற்றுப் பார்த்தாள். துளை தெரிந்தது. ஊசி குத்தியதுபோல, சின்னதாக, சுத்தமாக. இமைத்தாள். அப்போதும் தெரிந்தது. அடுத்த துண்டு. அதன் அடுத்தது. அரை மணி நேரம் ஆகியும் பாலாடை வரவேயில்லை.

மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் கரண்ட் வந்தது. பெண்கள் கூவினார்கள். ஃபேன் உறுமிக்கொண்டு அவள் முகத்தில் அறைந்தது. சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள் ஒரு கோடு தாண்டுவதற்குள் எண்கள் கரைந்துபோயின. டாக்டர்ப் பெண்ணின் குரல் காதுக்குள் கேட்டது. தன் கண்ணைத் தானே ஒரு மாதமாக வறுத்துக்கொண்டிருந்திருக்கிறாள்! அதற்காகச் சண்டை வேறு போட்டிருக்கிறாள்.

கமலாக்ஷி ஏழு தட்டுகளை வரிசையாக வைத்தாள். "அரை மணிக்கூர். எல்லாருக்கும் பத்துப் பத்து."

செல்வி எழுந்து போய் ஃபேனை நிறுத்தினாள்.

"எந்தாடி இது?"

தூசி பறக்குது சேச்சி என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. கமலாக்ஷி வழிந்துகொண்டிருந்த அவள் கண்களையே பார்த்தபடி நின்றாள். பொறுக்குகிறவள் தன் கண்ணில் கோளாறு என்று சொல்வது பஸ் டிரைவர் தனக்கு ரோடு தெரியவில்லை என்று சொல்வது மாதிரி. தெரிந்தும் சொன்னாள்.

"கண்ணு சரியில்ல சேச்சி. காத்து பட்டா மங்குது. காத்து இல்லேன்னா தெரியுது. இந்த அரை மணி நேரம் மட்டும்... எல்லாரும் பொறுத்துக்கிடுங்கக்கா. கையெடுத்துக் கும்பிடுதேன்."

"அதுக்கு நாங்க அவிஞ்சு சாகணுமா?" என்றாள் சீனியம்மாள். "எங்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கில்லா?"

அதில் தப்பு இல்லை. ஏழு பேரில் நாலு பேர் போகப்போகிறார்கள். செல்வி தோற்றால் ஒரு இடம் மிச்சம்.

கமலாக்ஷி கடிகாரத்தைப் பார்த்தாள். "ஃபேன் எல்லாருக்கும் உள்ளது. வேணும்னா யாரும் எழுந்து போட்டுக்கலாம். நான் போடவும் மாட்டேன், நிறுத்தவும் மாட்டேன். தொடங்கிக்கோ."

சுற்றி ஓய்ந்த ஃபேனின் மூன்று இறக்கைகளும் தனித்தனியாகப் பிரிந்து நின்றன. செல்வி உட்கார்ந்து முந்தானையால் கண்களை ஒருமுறை ஒற்றிக்கொண்டாள். இமை கொட்டினாள். பாலாடை கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. முதல் கள்ளன் தட்டின் ஓரத்திலேயே இருந்தான். இரண்டாவது. யாரோ முனகினார்கள். யாருடைய வியர்வையோ தகரத் தட்டில் சொட்டென்று விழுந்தது. மூன்றாவது.

மேஜையின் மறுகோடியில் ஸ்டூல் ஒன்று தரையில் உராய்ந்தது. பிறகு மெட்டிச் சத்தம். பதினோரு வருடமாகக் கேட்ட சத்தம், பொன்மணியுடையது. அது மேஜையைச் சுற்றி வந்து, செல்வியின் முதுகைத் தாண்டி, சுவிட்ச் பக்கம் போய் நின்றது. ஃபேனைப் போடவா, யாரும் போடவிடாமல் தடுக்கவா?

செல்வி திரும்பவில்லை. இன்னொருமுறை இமைத்துவிட்டு, நாலாவது துண்டை ஜன்னலுக்கு நேரே உயர்த்தினாள். ஒருபக்கம் நுழைந்து மறுபக்கம் வந்த ஊசிமுனைத் துளை. அதன் வழியே வெயில் ஒற்றைப் புள்ளியாக எரிந்துகொண்டிருந்தது.