பல் பதிந்த கிட்டார்

பள்ளிக்கூடத்து பேண்டு மாஸ்டர் கிட்டாரை உறையிலிருந்து உருவி, அம்மாவின் தையல் மெஷின் மேல், பாதி தைத்த சட்டையின் மீதே கிடத்தினார். "பாருங்கம்மா, உங்க மகன் பண்ணி வச்சிருக்கிற வேலையை." கிட்டாரின் மேல் விளிம்பில் வார்னிஷ் பெயர்ந்து மரம் தெரிந்தது. அம்மா உடனே எலி என்றாள். எங்கள் வீட்டில் எது பாழானாலும் பழி எலிக்குத்தான். "எலிக்கு முன்பல்லு ரெண்டுதாம்மா. இது முழு வரிசை" என்றார் அவர். நான் குனிந்து பார்த்தேன். மனுசப் பல்லேதான்.

தம்பி அப்போது ஒன்பதாவது படித்தான். வீட்டிலும் பள்ளியிலும் அவனுக்கு ஒரே பெயர், திமிர் பிடித்தவன். மூன்று தடவை கூப்பிட்டு நாலாவது தடவை முதுகில் ஒன்று வைத்தால்தான் திரும்புவான். கணக்கு வாத்தியார் அவனை வகுப்புக்கு வெளியே நிறுத்தியே பழகிவிட்டார். இப்படிப்பட்டவனை அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒருவர் மெச்சினார் என்றால் அது இந்த பேண்டு மாஸ்டர்தான். அடுத்த வாரம் ஆண்டு விழாவில் அவன் தனியாக வாசிக்க வேண்டும். வீட்டில் பயிற்சி செய்யட்டும் என்று கிட்டாரைக் கொடுத்தனுப்பியதும் அவரேதான். இன்றைக்கு மேடையில் தம்பி கிட்டாரைக் கடித்தால் கூட்டம் தொண்டை கிழியக் கத்துகிறது. ஸ்டைலாம். அன்றைக்கு எங்களுக்கு அது வெறும் காட்டுமிராண்டித்தனம்.

பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்தவனை இழுத்து வந்தேன். தலையில் ஈரம் சொட்ட, வழக்கம் போல அம்மா எதிரில் நின்று அவள் வாயையே பார்த்தான். எப்போதும் அப்படித்தான். "அம்மா வாயில என்னடா, சினிமாவா ஓடுது?" என்று நான் கேலி செய்வதுண்டு.

"ஏன்டா இதைக் கடிச்சே?" என்றாள் அம்மா.

அவன் கிட்டாரைப் பார்த்தான். எங்களைப் பார்த்தான். கேள்வியே புரியாதவன் முகம். "கடிக்காம எப்படிம்மா கேக்கும்?"

பேண்டு மாஸ்டருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "நக்கலைப் பாத்தீங்களா?" என்று கிட்டாரை வெடுக்கென எடுத்துக்கொண்டு, அவனுக்குப் பின்னால் சுவரோரம் போய் உறையில் திணித்தார். திணித்தபடியே சொன்னார், "நாளையிலேருந்து நீ பேண்டுல இல்ல. ஆண்டு விழாவும் கிடையாது. இனிமே கிட்டாரைத் தொடவே கூடாது, புரியுதா?"

அவன் அழுவான், காலில் விழுவான் என்று நினைத்தேன். அவனோ அசையவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு, தன் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லையே என்பது போல லேசாகச் சிரித்தான். "சொல்லும்மா. நீங்கள்லாம் எப்படிக் கேப்பீங்க? பல்லுல வச்சாதானே உள்ள வரும்?"

அம்மா கையிலிருந்த கத்தரி சிமெண்டுத் தரையில் விழுந்தது. நான் துள்ளிவிட்டேன். பேண்டு மாஸ்டர் திடுக்கிட்டுத் திரும்பினார். அவன் மட்டும் திரும்பவில்லை. அம்மாவின் கண் விரிவதைப் பார்த்துத்தான் அவனுக்குப் பயம் வந்தது. "என்னாச்சும்மா?" என்றான்.

சின்ன வயதில் அவனுக்குக் காதில் சீழ் வடிந்தது எனக்குத் தெரியும். நின்றுவிட்டது, சரியாகிவிட்டது என்று இருந்தோம். பேண்டு மாஸ்டர் அவன் முதுகுக்குப் பின்னால் மெதுவாக வந்து அவன் பெயரைச் சொன்னார். இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னார். பிறகு கிட்டார் உறையை மார்போடு கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. சங்கீதம் சொல்லிக்கொடுக்கிறவர் அல்லவா, எங்களைவிட அவருக்குத்தான் பேரிடி.

அம்மா எழுந்து அவனருகே போனாள். அவன் ஈரத் தலையை இரண்டு கையாலும் பிடித்து, தன் நெற்றியை அவன் நெற்றியோடு அழுத்தினாள். அவ்வளவு நெருக்கத்தில் அவள் வாய் அவனுக்குத் தெரிந்திருக்காது. கூப்பிடும்போதெல்லாம் எரிச்சலோடு கத்துவாளே அந்தப் பெயரை, அதை மிக மெதுவாகச் சொன்னாள்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"என்னம்மா" என்றான்.