குங்குமம் கொடுப்பதற்கு முன்

எனக்குப் பியானோ கற்றுக்கொடுக்கும் டோரீன் என்னைவிடப் பதினாறு வயது இளையவள். கிழக்குத் தாம்பரத்தில், ரயில்வே குடியிருப்பில் இருந்த அவள் வீட்டு முன்னறையை ஒரு பழைய பியானோ அடைத்துக்கொண்டிருக்கும். சனிக்கிழமைகளில் குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறி அங்கே போவேன். எனக்கு முன்னால் பாடம் முடித்து வெளியே வருபவர்கள் கவுன் போட்ட சிறுமிகள். அவர்களைக் கூட்டிப்போக வந்த அம்மாக்கள், என் பெண் எந்த கிரேடு என்று கேட்பார்கள். நான்தான் கற்றுக்கொள்கிறேன் என்றதும் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பு எனக்கு ரயிலிலும் கேட்கும்.

விரல் ஓரளவு வந்துவிட்டது. தைரியம்தான் வரவில்லை. ஒரு சுரம் தவறினால் நிறுத்திவிடுவேன். சாரி என்பேன். முதலிலிருந்து தொடங்குவேன். டிசம்பரில் டோரீனின் மாணவர்கள் சர்ச் ஹாலில் வாசிக்க இருந்தார்கள். என்னையும் சேர்க்க அவள் ஒரு நிபந்தனை வைத்தாள்.

"தப்பு வந்தா வரட்டும் ஆன்ட்டி. நாலு பேர் முன்னாடி நிறுத்தாம ஒரு தடவை முடிச்சிட்டு வாங்க. இல்லேன்னா மேடையில உடைஞ்சு போயிடுவீங்க."

அந்த நாலு பேருக்கு நான் எங்கே போவேன் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது நவராத்திரி வந்தது.

அஸ்தினாபுரத்தில் எங்கள் வீட்டில் இருந்தது ஒரு சின்ன காசியோ கீபோர்டு. என் கணவர் ஸ்ரீரங்கன் மகளுக்காக வாங்கியது. அவள் தொடவில்லை, நான் தொட்டேன். அதிலிருந்து ஆபீஸ் நண்பர்கள் யார் வந்தாலும், மனைவியை எல்.கே.ஜி.யில் சேர்த்திருப்பதாகச் சொல்வார். நானே காபி கொண்டுவந்து வைக்கும்போது சொல்வார்.

நவராத்திரியில் ஒரு மாலை எங்கள் வீட்டுக் கொலுவுக்கு வந்த மாமிகள் வழக்கப்படி ஒவ்வொருவராகப் பாடினார்கள். ஒருவருக்கு மேல்ஸ்தாயி எட்டவில்லை. இன்னொருவர் பாதி சரணத்தை மறந்துவிட்டு வேறெங்கோ போய் முடித்தார். எல்லாரும் தலையாட்டினார்கள். தவறிப் பாட அந்தக் கூடத்தில் எல்லாருக்கும் உரிமை இருந்தது.

என் முறை வந்தது. காசியோவின் மேல் யாரோ வைத்திருந்த வெற்றிலைத் தட்டை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, டோரீன் கற்றுக்கொடுத்த ஒரு சின்ன நடன இசையை வாசிக்கத் தொடங்கினேன். இரண்டாம் வரிகூட முடிந்திருக்காது. மைத்துனன் கிட்டு பின்னாலிருந்து கையை நீட்டி ஒரு பொத்தானை அழுத்தினான். டிஸ்கோ தாளம் தடதடவென்று கிளம்பியது.

"பீட் இல்லாம ஒரே அழுகையா இருந்தது மன்னி."

கூடம் சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் என் கணவர். என் விரல்கள் நின்றுவிட்டன. எதிர்வீட்டு அபிதகுஜாம்பாள் மாமி எழுந்துகொண்டார்.

"போறும்டி காமு. இன்னும் ரெண்டு ஆத்துக்குப் போகணும். குங்குமத்தக் குடு."

என் கை தானாகவே குங்குமச் சிமிழை எடுத்தது. பதினெட்டு வருஷமாக அப்படித்தான் எடுத்திருக்கிறது. எடுத்த பிறகுதான் மாமி நின்ற இடத்திலேயே நிற்பதைக் கவனித்தேன். நான் கொடுக்காமல் அவர் படி இறங்க மாட்டார். அங்கிருந்த யாரும் இறங்க மாட்டார்கள்.

தாளத்தை நிறுத்தினேன். சிமிழை மடியில் வைத்துக்கொண்டேன்.

"உக்காருங்கோ மாமி. வாசிச்சு முடிச்சிட்டுத் தரேன்."

"என்னடி இது, விளையாடறியா?"

கணவர் பல்லைக் கடித்துக்கொண்டு என் பெயரைச் சொன்னார். நான் திரும்பவில்லை. கையை எடு என்று கிட்டுவிடம் மட்டும் சொன்னேன். மாமி உட்காரும்வரை காத்திருந்தேன். நெடுநேரம் ஆயிற்று. யாருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது; மாமியையே பார்த்தேன்.

மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். வழக்கமாகத் தவறும் இடத்தில் அன்றும் தவறியது. சாரி என்ற சொல் தொண்டைவரை வந்தது. யாரிடம் கேட்பது, எதற்குக் கேட்பது? இடது கை போய்க்கொண்டே இருந்தது. வலது கை ஓடிப்போய் அதோடு சேர்ந்துகொண்டது. கடைசி சுரம் அடங்கும்வரை விரலை எடுக்கவில்லை.

ஒருவரும் கைதட்டவில்லை. எழுந்து ஒவ்வொருவருக்கும் குங்குமம் கொடுத்தேன். அபிதகுஜாம்பாள் மாமி என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனார்.

வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்த கணவர், நாலு பேர் முன்னால் அவர் மானத்தை நான் வாங்கிவிட்டதாகச் சொன்னார்.

நாலு பேர்தான் வேண்டியிருந்தது. அதை அவருக்கு விளக்கத் தோன்றவில்லை.

"டிசம்பர்ல தாம்பரத்துல வாசிக்கப் போறேன்" என்றேன். "வரதா இருந்தா கடைசி வரைக்கும் உக்காரணும்."