மாணிக்கவேல் மாற்றிய வரிசை

மாணிக்கவேலுக்குச் சேலை விற்கத் தெரியும். ஆரணி பஜாரில் அதை மறுத்துப் பேச ஆள் கிடையாது. வியாபாரி வந்து பாயில் உட்கார்ந்தால் முதலில் சுமாரான சேலையைத்தான் விரிப்பார். வந்தவர் மூஞ்சியைச் சுளிப்பார். சுளிக்கட்டுமே! அடுத்தது கொஞ்சம் நல்லது, அதற்கடுத்தது இன்னும் நல்லது. மயில் கழுத்து நிறத்தில் நெய்து வைத்திருப்பது பெட்டியின் அடியிலிருந்து கடைசியில்தான் வெளியே வரும். எடுத்த எடுப்பில் நல்ல சரக்கைக் காட்டுகிறவன் வியாபாரத்துக்கு லாயக்கில்லாதவன் என்பது அவர் கட்சி.

அப்பேர்ப்பட்டவருடைய மகள் சிவசங்கரி, இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்குப் பதினொரு கல்லூரிகளை வரிசைப்படுத்தி, சென்னையில் இருக்கும் அரசுக் கல்லூரியைத் தலையில் வைத்திருந்தாள். இரண்டு வருஷமாக அவள் வாயில் வேறு கல்லூரியின் பேர் வந்ததில்லை. அவள் எடுத்த கட்-ஆஃபுக்கு நிச்சயம் கிடைக்கும் என்று டீச்சரும் சொல்லியிருந்தார். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி, அதனால் ஏழரை சதவீத ஒதுக்கீடு. படிப்புச் செலவு, ஹாஸ்டல் செலவு எல்லாம் அரசாங்கத்தின் பாடு. பதினொன்றாவதாக, போனால் போகிறதென்று, வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வரக்கூடிய ஒரு தனியார் கல்லூரி. செய்யார் பக்கம்.

பட்டியலைப் பார்த்ததிலிருந்து மாணிக்கவேலுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எடுத்ததுமே உசந்த காலேஜைக் கேட்டால் கவுன்சிலிங்காரன் மதிப்பானா? பேராசை பிடித்த பெண் என்று ஓரங்கட்டிவிட மாட்டானா? மறுநாள் காலையில் வீட்டில் மூச்சுவிடாமல் டேனியின் பிரவுசிங் சென்டருக்குப் போனார். பட்டியலில் எதை மாற்றினாலும் ஓடிபி அவர் போனுக்குத்தான் வரும். பாப்பாதான் மாற்றச் சொல்லி அனுப்பினாள் என்று கூசாமல் சொன்னார். டேனிக்குச் சந்தேகம்தான். ஆனால் ஜெராக்ஸுக்குப் பத்துப் பேர் கழுத்தை நெரித்துக்கொண்டு நின்றார்கள். பட்டியலைத் தலைகீழாக்கிக் கொடுத்துவிட்டான்.

இந்த மனுஷர் வாயை மூடிக்கொண்டாவது இருந்தாரா? கடைசி நாளன்று மாலை ஐந்து மணிக்குப் பட்டியல் பூட்டப்பட்டுவிடும். அன்றைக்கு நாலு மணிக்கு டீ குடிக்கும்போது பெருமை தாங்காமல் தன் சாமர்த்தியத்தை எடுத்துவிட்டார்.

சிவசங்கரி டம்ளரைக் கீழே வைத்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

"அது வியாபாரி இல்லப்பா, கம்ப்யூட்டரு. மேலேர்ந்து பாத்துகினே வரும். எது மொதல்ல கெடைக்குதோ அத்தக் குடுத்துட்டு நிறுத்திடும். அந்தச் செய்யார் காலேஜு ஆளில்லாம ஈ ஓட்டிகினு கெடக்குது. எனக்கு அதுதான் வரும்."

மனைவி கற்பகம் விடுவாளா? கல்யாணமான நாளிலிருந்து புருஷன் பண்ணிய கோமாளித்தனங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைக்க ஆரம்பித்தாள். அது ஒரு நாளில் முடிகிற சமாச்சாரமா? பாதியிலேயே அப்பாவும் மகளும் எக்ஸெல் வண்டியில் ஏறிவிட்டார்கள். பஜாரில் லாரி ஒன்று நெல் மூட்டை இறக்கிக்கொண்டு வழியை அடைத்து நின்றதில் கால் மணி நேரம் போனது.

டேனி இருவரையும் பார்த்ததுமே விஷயத்தைப் புரிந்துகொண்டான். பாப்பா அனுப்பினாள் என்றீர்களே என்று மட்டும் கேட்டுவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தான். சிவசங்கரியே உட்கார்ந்து கல்லூரிகளை மேலும் கீழும் நகர்த்தினாள். நாலு ஐம்பத்திரண்டு. மாணிக்கவேலின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.

எடுத்துப் பார்த்தார். ஆறு எண்கள்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான். சேலை விற்கிற சூட்சுமத்துக்காக மட்டும் அவர் பட்டியலை மாற்றவில்லை. காலையில் போனால் சாயந்திரம் பஸ்ஸைவிட்டு இறங்கி வீட்டுக்கு வந்துவிடுகிற மகள் அவருக்கு வேண்டும். ஒரே பெண். அவள் சாப்பிட உட்காராத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அந்த ஆசைக்குச் சாமர்த்தியம் என்று பேர் வைத்து, தன்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தார்.

"ஓடிபி வந்துச்சாப்பா?"

வரவில்லை என்று சொன்னால் போதும். எட்டே நிமிஷம். டவர் இல்லை என்றால் யார் கேட்கப்போகிறார்கள்? சிவசங்கரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விரலைக் கீபோர்டில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். இத்தனை நடந்த பிறகும் அப்பா பொய் சொல்வார் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

"நீ மெட்ராஸ் போயிட்டா வீடு வெறிச்சுனு பூடும்னுதாம்மா மாத்தனேன்," என்றார். "மத்தது எல்லாம் சும்மா."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். டேனி ஜெராக்ஸ் மெஷின் பக்கம் போய்விட்டான்.

மாணிக்கவேல் போனைக் கண்ணுக்கருகில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். அஞ்சு. ரெண்டு. ஒம்போது. ஒம்போது. ஒண்ணு. ஆறாவது எண்ணைப் படிக்காமல் நிறுத்திவிட்டார்.

"கடைசி நம்பர் இன்னாப்பா?"

கடையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "நாலு" என்றார்.