தலைமாட்டுத் தகடு

தச்சர் ஏகநாதன் சணல் கயிற்றின் ஒரு நுனியை வேதசிரோமணியின் உச்சந்தலையில் வைத்து, பாதம்வரை இழுத்து ஒரு முடிச்சுப் போட்டார். விடியற்காலையில் உயிர் போன உடம்பு இரும்புக் கட்டிலில் நீட்டிக் கிடந்தது.

"ஐயா நல்ல ஒசரம். பலகை கொஞ்சம் ஜாஸ்தி புடிக்கும்மா." அவர் கண் கட்டிலின் தலைமாட்டுக்குப் போயிற்று. "இது இன்னாம்மா, பித்தளைல பேர்லாம் வெட்டிகீது? ஐயா பேரா?"

இறந்தவரின் மனைவி சாராள் கால்மாட்டுப் பக்கம் நகர்ந்துகொண்டாள். மருமகன் தனசிங்தான் குனிந்து படித்தான். "மிஸ் எடித் வாம்ஸ்லி. யாரோ வெள்ளைக்காரம்மா."

"தோ பார்றா. வூட்ல ஒருத்தர், தலமாட்ல ஒருத்தரா?"

மகள் சரோஜினி முறைத்ததும் ஏகநாதன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு நடையைக் கட்டினார். விளையாட்டாகச் சொன்னதுதான். சாராளுக்குள் அது பழைய முள்ளைப் போய்த் தொட்டது.

பொத்தேரிக்கு அப்பால், வயல்களுக்கு நடுவே மிஷன் நடத்திய பத்துக் கட்டில் ஆஸ்பத்திரியில் வேதசிரோமணி கம்பவுண்டராக இருந்தார். வெள்ளைக்காரன் காலம். கட்டிலுக்கு ஒருத்தராகச் சீமையில் யாராவது தர்மப்பிரபு இருப்பார். நோயாளியின் கஞ்சிக்கும் மருந்துக்கும் வருஷாவருஷம் பணம் அனுப்புவார். அவர் பெயர் தலைமாட்டில் தகடாக நிற்கும். ஐந்தாம் கட்டில் எடித் வாம்ஸ்லியுடையது. அதில் படுத்தவர்கள் எப்படித் தேறினார்கள் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேதசிரோமணி அவளுக்கு எழுதுவார். குளித்து, வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு, அடித்துத் திருத்தி எழுதுவார். பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்த சாராளுக்கு வந்தது இரண்டு வரிக் கார்டு.

முப்பத்தோராம் வருஷம் அந்த அம்மாள் இறந்துபோனாள் என்று வேதசிரோமணிக்கு மட்டும் கடிதம் வந்தது. பணம் வராத கட்டிலை எடுத்துவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். அன்றைக்கு ஐந்தாம் கட்டிலில் பிள்ளை பெற்று ஜன்னி கண்ட ஒருத்தி கிடந்தாள். வேதசிரோமணி சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். எதுவும் கேட்கவில்லை. சாராளின் கைகளைப் பார்த்தார், அவ்வளவுதான். நாலு தங்க வளையல்களையும் அவளே சோப்புப் போட்டுக் கழற்றினாள். விற்ற பணம் வாம்ஸ்லி பெயரிலேயே ஆஸ்பத்திரிக் கணக்கில் ஏறியது.

கட்டில் நின்றது. தகடும் நின்றது.

"இனிமே அந்தப் பேரு எதுக்குங்க?" என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தாள்.

"செத்தவங்க பேரைக் கழட்டறது மரியாதையில்ல சாராள்."

அவள் கேட்டது அதையில்லை. மறுபடி கேட்கவும் இல்லை.

ஆஸ்பத்திரியை மூடிக் கட்டில்களை விற்றபோது அவர் ஐந்தாவதை மாட்டுவண்டியில் ஏற்றித் தாம்பரத்துக்குக் கொண்டுவந்தார். வழியில் அடிபட்டு ஒரு கால் குட்டையாகிவிட்டது. அதன் கீழே காகிதத்தை மடித்து வைத்தார். சனிக்கிழமைதோறும் புளி போட்டுத் தகட்டைத் துலக்கினார். சாராள் கீழே பாயில் படுத்தாள். அவர் கூப்பிட்டிருந்தாலும் அந்தப் பெயருக்கடியில் தலை வைத்திருக்கமாட்டாள்.

மதியம் பெட்டி வந்தது. உடம்பை அதற்கு மாற்றினார்கள். ஜெபத்துக்குப் பிறகு, அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரியில் குமாஸ்தாவாக இருந்த எலியேசர் எழுந்து நின்றார்.

"எத்தனையோ கட்டில் போச்சு. வாம்ஸ்லி அம்மா கட்டில் மட்டும் கடைசிவரைக்கும் நின்னுது. என்னா மனசு அந்தப் புண்ணியவதிக்கு. அண்ணனும் அவங்களைக் கடைசிவரைக்கும் மறக்கல."

கூட்டம் தலையை ஆட்டியது. சாராள் தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டாள். அவளைத் தவிர விஷயம் தெரிந்த ஒரே ஆள் மூக்கில் பஞ்சோடு படுத்திருந்தார்.

ஏகநாதன் மூடியைத் தூக்கி நிறுத்தினார். "கடைசியா பாத்துக்கோங்கம்மா."

சாராள் எழுந்தாள். பெட்டியைத் தாண்டிக் கட்டிலிடம் போனாள்.

"அந்தத் திருப்புளியக் குடுப்பா."

"இன்னாத்துக்கும்மா?"

"குடேன்."

நாலு திருகாணி. மூன்று வந்தன. நாலாவது இறுகிக்கிடந்தது.

"அம்மா, எல்லாரும் பாக்கறாங்க," என்றாள் சரோஜினி மெல்ல.

"பாக்கட்டும்."

ஏகநாதன் வந்து நாலாவதைக் கழற்றிக் கொடுத்தார். தகடு இருந்த இடத்தில் தலைமாட்டின் பழைய பச்சைப் பெயிண்ட் வெளிறாமல் இருந்தது. அங்கே வேறொன்றும் இல்லை. சாராள் அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஐயா கூடயே வெச்சிரட்டாம்மா?"

"வேணாம். அவரு தனியாவே போகட்டும்."

தகட்டை இடுப்பில் செருகிக்கொண்ட பிறகுதான் பெட்டிக்குள் குனிந்தாள். யாரோ வகிட்டைத் தப்பாக எடுத்திருந்தார்கள். விரலால் கோதி இடப்பக்கம் மாற்றிவிட்டாள்.

கல்லறையிலிருந்து திரும்பியபோது விளக்கு வைக்கும் நேரம். வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள்.

"பாய் போட்டிருக்கேன், கொஞ்சம் சாயும்மா," என்று சொல்லிவிட்டுச் சரோஜினி காப்பி போடப் போனாள்.

சாராள் கட்டிலில் உட்கார்ந்தாள். அது ஒரு பக்கம் சாய்ந்து முனகியது. காலுக்கடியில் இருந்த காகிதம் தண்ணீரோடு போயிருந்தது. அவள் இடுப்பிலிருந்து தகட்டை எடுத்தாள். நேற்றுத்தான் சனிக்கிழமை, அது பளபளவென்று இருந்தது. பெயர் தரையைப் பார்க்கத் திருப்பி, குட்டைக்காலின் கீழே செருகினாள்.

கட்டில் ஆடவில்லை. ஓரமாகவே சற்று நேரம் படுத்திருந்தாள். பிறகு, அவர் உடம்பு பள்ளமாக்கியிருந்த நடுவுக்கு நகர்ந்துகொண்டாள்.